மரப்பு ஊசியும் என் வலது கண்ணின் தசையும்

சொட்டு மருந்தே போதும் என்று டாக்டர் சொன்னார். ஊசிதான் வேண்டும் என்று நான் சொன்னேன். கண்புரை ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துக் காத்திருக்கிற நம் ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், இந்த இரண்டு வரியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியையும் படித்தால் நல்லது. அலுத்துப்போன ஒருவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒரு வாடகைக் கொட்டகையில் இரண்டு தறியைப் போட்டு பேண்டேஜ் துணி நெய்ய ஆரம்பித்தேன். இன்று சொந்தக் கொட்டகை, துணி வெளுக்கச் சொந்தச் சலவைப் பட்டறை, ஐம்பது தறி. தமிழ்நாட்டில் யாருக்காவது மண்டை உடைந்தால் அதில் என் துணி சுற்றியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்த ஊசிக்கு முன்பு வரை என் சரக்கு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. காரணம் என் கண். கண்ணாடி மேஜைக்கு அடியில் டியூப் லைட்டை எரியவிட்டு, மேலே துணியை ஓடவிட்டு, குறுக்கே போகிற ஊடை நூல் எங்கே விட்டிருக்கிறது, நெடுக வருகிற பாவு நூல் எங்கே அறுந்திருக்கிறது என்று நானே பார்ப்பேன். எத்தனை ஆள் வைத்தாலும் கடைசிப் பார்வை என்னுடையது.

அந்தக் கண்கள் இரண்டிலும் புரை விழுந்தது. வலதில் அதிகம். ராஜபாளையத்தில் என்னிடம் துணி வாங்குகிற ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையானவர்.

"ஐயா, ரெண்டு விதமாப் பண்ணலாம். சொட்டு மருந்து விட்டா மேல மரத்துரும். நீங்க ஆடாம லைட்டையே பாத்துக்கிட்டிருந்தாப் போதும். இல்லைன்னா கண்ணுக்குப் பக்கத்துல ஊசி. உங்களுக்குச் சொட்டே போதும்."

"என்ன தம்பி, துணி குடுக்கறவன்தானன்னு தடவி அனுப்பலாம்னு பாக்கீகளா? சொட்டு மருந்து சின்னப் புள்ளைகளுக்கு. எனக்கு ஊசி போடுங்க."

என் மனைவி பேச்சியம்மாள் பக்கத்தில் இருந்தாள். "டாக்டருக்குத் தெரியாதா? அவரு சொல்லுததக் கேளுங்களேன்" என்றாள்.

"ஏட்டி, நீ சும்மா இரு. பல்லு புடுங்கவே ஊசி போடுதான். கண்ணு என்ன பல்லவிட மட்டமா?"

டாக்டர் சிரித்தார். "ஊசிலயும் பயமில்லைங்க ஐயா, நெறையப் பேருக்குப் போடறோம். ரொம்ப அரிதா சில பேருக்கு..." என்று ஏதோ சொல்ல வந்தார். நான் அதற்குள் பேச்சை முடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஊசி போடாத டாக்டரிடம் யாரும் இரண்டாம் முறை போவதில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், வெளியே வந்து, "என்ன டாக்டரு, கைய வச்சுப் பாத்துட்டு அனுப்பிட்டாரு" என்பார்கள். நானும் அந்த மண்ணில் வளர்ந்தவன்தானே.

ஊசியைக் கீழ் இமைக்கு அடியில், ஓரமாகப் போட்டார்கள். உள்ளே ஏதோ தீயை ஊற்றியதுபோல ஒரு எரிச்சல். பிறகு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார்கள். கண் கல்லாகிவிட்டது. "இதுதான் மரப்பு" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆப்பரேஷனில் எதுவும் தெரியவில்லை. வெளிச்சம், தண்ணீர் ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். முடிந்ததும் கண்ணில் துணியை வைத்து ஒட்டினார்கள். கையைக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தேன்.

"சிஸ்டர், இது என் துணி."

"ஐயா, கைய எடுங்க. துணி உங்களதா இருக்கலாம், கட்டு எங்களது."

அன்றைக்குச் சிரித்ததுதான். அப்புறம் வெகுநாள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். பளிச்சென்று இருந்தது. சுவரின் நீலம் இத்தனை நீலமா என்று நினைத்தேன். அடுத்த நொடியில் டாக்டர் குனிந்தார். அவருக்கு இரண்டு முகம். பக்கத்தில் பக்கத்தில் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று. மேலே மங்கலாக ஒன்று, கீழே தெளிவாக ஒன்று. நெற்றிக்கு மேல் இன்னொரு வாய் பேசியது.

"மரப்பு இன்னும் முழுசா எறங்கலைன்னு நெனைக்கேன். ரெண்டு நாள் பாப்போம் ஐயா."

இரண்டு நாள் ஆனது. இறங்கவில்லை. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகத் தெரிந்தது, இரண்டையும் திறந்தால் இரண்டு. அப்போது டாக்டரின் முகத்தில் ஒரு யோசனை ஓடியதைப் பார்த்தேன். சரக்கில் குறை கண்டவன் முகம் எனக்குத் தெரியும். மூளையில் அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார். என் மகன் கணேசன் காரை எடுத்தான். ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோது மேலே தறி ஓடுவதுபோல டமடமவென்று சத்தம். மற்றவர்கள் பயப்படுவார்களாம். எனக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வந்தது. அதற்குப் பிறகு சர்க்கரை, தைராய்டு, ரத்தத்தில் இன்னும் என்னவெல்லாமோ. பில்லை என் கண்ணில் காட்டாமல் கணேசன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். காட்டியிருந்தாலும் ஒன்றுக்கு இரண்டாகத்தான் தெரிந்திருக்கும்.

மூளையில் ஒன்றும் இல்லை. "அப்பாடா" என்றாள் பேச்சியம்மாள். எனக்கு அப்பாடா வரவில்லை. மூளையில் இல்லை என்றால் பிறகு எங்கே?

கண் தசைக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மா வாரத்தில் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார், அவரைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெயரைக் கூப்பிடுவார்கள், உள்ளே போனால் சொட்டு மருந்து விட்டு வெளியே உட்காரச் சொல்வார்கள். திரும்பக் கூப்பிடும்வரை உட்கார வேண்டும். என் காலத்தில் நான் யாருக்காகவும் காத்திருந்தவன் இல்லை. வியாபாரிகள்தான் எனக்காகக் காத்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனது.

டாக்டரம்மா பட்டையான கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வைத்து, தூரத்தில் இருந்த விளக்கைப் பார்க்கச் சொன்னார். இரண்டு விளக்கும் ஒன்றாகும்போது சொல்ல வேண்டும். எத்தனை கனமான கண்ணாடிக்கு அது ஒன்றாகிறதோ, அத்தனை தூரம் கண் விலகியிருக்கிறது என்று கணக்கு. மேலே, கீழே, பக்கத்தில் என்று பார்க்கச் சொன்னார். கீழே பார்த்தபோதுதான் இரண்டும் அதிகம் விலகின.

"ஆப்பரேஷனுக்கு ஊசி போட்டாங்களா, சொட்டா?" என்று கேட்டார்.

"ஊசி" என்றேன்.

"இவுகதான் டாக்டரம்மா சண்ட போட்டுக் கேட்டு வாங்குனாக" என்றாள் பேச்சியம்மாள். எனக்கு அது தேவையா?

டாக்டரம்மா கையில் இருந்ததை வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னார். கண்ணை அசைக்க ஆறு சின்னத் தசைகள் உண்டாம். எனக்குக் கீழே இருக்கிற தசைக்குள் மருந்து இறங்கியிருக்க வேண்டும் என்றார். கை தவறு என்று சொல்ல முடியாது, கண்குழிக்குள் இடம் அத்தனை குறுகல், நல்ல கைக்காரருக்கும் எப்போதாவது ஒன்று இப்படி ஆகும் என்றார்.

"மரப்பு மருந்து நரம்பைத்தான் தூங்க வைக்கணும். ஆனா தசைல நேராப் பட்டா தசைக்கு அது ஆகாது ஐயா. தசையோட செல் ஒவ்வொண்ணும் நீளமா, நூல் மாதிரி இருக்கும். அதுக்குள்ள கால்சியத்தப் பையில கட்டி வச்சிருக்கும். இந்த மருந்து பைய அவுத்து விட்டுரும். உள்ள கொட்டுனதும் நூல் சுருங்கி, சிதைஞ்சுரும்."

"அப்ப ஊசி போட்ட எல்லாருக்கும் இப்படி ஆகணுமே தாயி?"

"கொஞ்சம் எல்லாத் தசைக்கும் ஆகும். தோள்ல, தொடையில போட்டா அது பெரிய தசை, யாருக்கும் தெரியாமலே ஆறிரும். கண்ணுத் தசை அம்புட்டுக்காணு. அதுல கொஞ்சம் கெட்டாலும் பார்வை ரெண்டாயிரும்."

எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. "செத்தது செத்ததுதானா?"

"இல்லை. அதுதான் தசையோட அதிசயம். நூல் செத்தாலும் அதச் சுத்தி இருக்கற உறை அப்படியே நிக்கும். ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் பெரும்பாலும் நிக்கும். ஒவ்வொரு நூலையும் ஒட்டிக்கிட்டு, வேலையில்லாமத் தூங்கற சின்ன செல்லு சிலது உண்டு. இந்த மருந்து நூலைக் கொல்லுது, அந்தச் சின்ன செல்லுல நெறையத் தப்பிச்சுக்கும். பக்கத்து நூல் செத்ததும் அது முழிக்கும். பெருகும். ஒண்ணோட ஒண்ணு சேந்து அதே உறைக்குள்ள புது நூலாயிரும்."

"நூலு அறுந்திருக்கு, தறி நிக்குது."

"அப்படியே வச்சுக்கங்க."

"அறுந்த நூல என் ஆளு கண்ண மூடித் திறக்குமுன்ன முடிச்சுப் போட்டுருவான். இது எம்புட்டு நாளாகும்?"

"மாசக்கணக்குல. வயசானவங்களுக்கு அந்தச் செல்லு மெதுவாத்தான் முழிக்கும். ஆராய்ச்சிக்கூடத்துல எலியோட தசைல இதே மருந்த வேணும்னே போடுவாங்க, தசை எப்படித் திரும்ப வளருதுன்னு பாக்கறதுக்கு."

"அப்ப நான் எலியா?"

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள் என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். புதிதாக வரும் தசை சில சமயம் இறுகி, குட்டையாக வந்துவிடும். அப்படி வந்தால் கண்ணைக் கீழே பிடித்து இழுக்கும். அது எங்கே போய் நிற்கிறது என்று தெரியும்வரை அறுவைச் சிகிச்சை பேச்சே கூடாது. அதுவரை ஒரு கண்ணை மூடிக் கட்டிக்கொள்ளுங்கள், தொந்தரவு குறையும் என்றார்.

நான் கட்டவில்லை. ஐம்பது தறிக்காரன் ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலையாட்கள் முன்னால் நடந்தால் என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் கொட்டகையில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு, பாதி நான் வைத்தது. எனவே இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே மேஜையில் உட்கார்ந்தேன். தலை சுற்றியது. குமட்டியது. உட்கார்ந்தேன்.

அப்போதுதான் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பண்டல் திரும்பி வந்தது.

கணேசன் அதில் ஒரு கஜத்தைக் கிழித்துக் கொண்டுவந்து, மேஜையில் விரித்து, விளக்கைப் போட்டான். "அப்பா, இதப் பாருங்க."

பார்த்தேன். "நல்லாத்தானலே இருக்கு."

அவன் ஆள்காட்டி விரலைத் துணியின் மேல் வைத்தான். நூல் இருக்கிற இடம் என்று என் கண் சொல்லிக்கொண்டிருந்தபோதே விரல் உள்ளே போய்விட்டது. ஊடை இல்லாத இடத்தில், இடது கண்ணின் மங்கலான ஊடை வந்து உட்கார்ந்து ஓட்டையை அடைத்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறவனுக்குக் குறுக்கு நூல் குறையவே குறையாது. இத்தனை நாளும் நான் எத்தனை ஓட்டையை நல்ல துணி என்று அனுப்பினேனோ. அதை யாருடைய புண்ணில் வைத்தார்களோ.

"கண்ணு சரியாகுற வரைக்கும் மேஜையில நான் உக்காருதேன் அப்பா."

"சரியாகலைன்னா?"

அவன் துணியை மடித்தான். நல்ல பையன். அந்த நேரத்தில் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு என் கவலை ஒன்றே ஒன்றுதான். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு அந்த மேஜையில் திரும்ப உட்கார முடியுமா, முடியாதா. சாப்பாடு, தூக்கம், வியாபாரம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில் படி இறங்கும்போது எந்தப் படி நிஜம் என்று கால் தடுமாறும். ஒருநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு படியின் ஓரத்திலும் வெள்ளைப் பேண்டேஜ் துணியைப் பட்டையாக ஒட்டியிருந்தது. மருமகள் வேலை. கையால் தடவிப் பார்த்தேன். நம் சரக்கில் நல்லதாகப் பார்த்து எடுத்திருந்தாள்.

என்னைக் கட்டுப்போட வைத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பக்கத்து நாற்காலிக்காரர். வத்திராயிருப்பு ஆள், பட்டாளத்தில் இருந்து வந்தவர். சர்க்கரையால் கண் நரம்பு ஒன்று சோர்ந்து அவருக்கும் இரட்டைப் பார்வை. கறுப்புக் கட்டோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி ஏன் கட்டலை?"

"ஒத்தக்கண்ணன்னு சொல்லுவானுக."

"துப்பாக்கி புடிக்கையில ஒரு கண்ண மூடித்தான் அண்ணாச்சி குறி பாப்போம். எந்த எதிரியும் எங்கள ஒத்தக்கண்ணன்னு சொன்னதில்ல."

"அவன் சொல்லுததுக்குள்ள நீங்க சுட்டிருப்பீக."

"அது மாதிரி நீங்களும் வேலையாளு சொல்லுததுக்குள்ள சம்பளத்தப் புடிச்சுருங்க."

அன்றைக்கே கட்டினேன். ஒருநாள் இடது, ஒருநாள் வலது. என் சொந்தத் துணியில் நானே மடித்துக் கட்டிக்கொண்டேன். உலகம் ஒன்றானது, ஆனால் தட்டையானது. டம்ளரில் காப்பியை ஆற்றினால் வெளியே கொட்டும். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து டம்ளரின் வாய்க்குக் கொண்டுபோய்விட்டு, எதுவும் நடக்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கொட்டகையில் பட்டப்பெயர் வைத்தார்களா? வைத்தார்கள். எனக்குத் தெரியும். கேட்காததுபோல இருந்துவிட்டேன். கேட்டுச் சண்டை போடவும் தெம்பில்லை.

மாதங்கள் இப்படிப் போயின. ஒவ்வொரு முறையும் அதே நாற்காலி, அதே பட்டைக் கண்ணாடிகள், அதே விளக்கு. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தன. பிறகு ஒருநாள் விடிந்ததும் கட்டை எடுத்துவிட்டுச் சுவரில் இருந்த டியூப் லைட்டைப் பார்த்தேன். இத்தனை நாள் மங்கலானது மேலேயும் தெளிவானது கீழேயும் இருக்கும். அன்றைக்குத் தலைகீழாக, தெளிவானது மேலே ஏறி நின்றது. போச்சு, மற்ற கண்ணிலும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். குளிக்காமல்கூடக் கணேசனைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அளந்து பார்த்துவிட்டு, "பாதி நல்ல சேதி" என்றார். "முன்ன கீழ்த்தசைக்குச் சத்து இல்ல, அதனால கண்ணு மேல போச்சு. இப்ப அது திரும்ப வளந்துருச்சு. வளந்தது கொஞ்சம் இறுக்கமா வளந்திருக்கு. கீழ இழுக்குது."

"நான் வளரச் சொன்னேன். இழுக்கச் சொல்லலையே தாயி."

"அது உங்க தசையில்ல? உங்க குணம்தான் இருக்கும்."

கணேசன் பின்னால் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது தெரிந்தது. இரண்டு தோள், ஒன்றன்மேல் ஒன்று.

அந்த இழுப்பு மெல்ல மெல்லக் கொஞ்சம் தளர்ந்தது. மூக்குக்கண்ணாடியில் ஒட்டுகிற மெல்லிய பட்டை ஒன்று கொடுத்தார்கள், அதுவும் கொஞ்ச நாளில் தேவைப்படவில்லை. நேரே பார்த்தால் ஒன்று. கீழே பார்த்தால் ஒன்று. நேர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே போனாலே இரண்டு. மாதக்கணக்கில் அளந்தும் அது அப்படியே நின்றுவிட்டது. இறுகிய தசையைத் தளர்த்த ஒரு அறுவைச் சிகிச்சை இருக்கிறது, வேண்டுமானால் செய்யலாம், அதற்கும் முடிவு இப்படித்தான் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. என் வேலை கீழே, மேஜையில். போதும் தாயி என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கு இன்னொரு முறை அந்த நாற்காலியில் உட்காரத் தெம்பில்லை.

இதற்கு நடுவில் இடது கண் புரையையும் எடுத்தாயிற்று. அதே மருத்துவமனை, அதே டாக்டர். சொட்டு மருந்துதான். எரிச்சல் இல்லை, கல்லாகவில்லை, சொன்ன லைட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், முடிந்துவிட்டது. ஊசி தேவைப்படுகிறவர்களுக்கு ஊசிதான் நல்லது, அதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஊசியைக் கண்டு பயப்படச் சொல்லவில்லை. ஊசியைக் கேட்டு வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மேஜையில் திரும்ப உட்கார்ந்த அன்று கணேசன் பழைய துணி ஒன்றை ஓடவிட்டான். எனக்குத் தெரியாது என்று நினைத்து, குறை உள்ள துணியாகப் பார்த்து எடுத்திருந்தான். இரண்டு கண்ணும் திறந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த துணியில் ஒரு இடத்தில் கையை வைத்து நிறுத்தினேன். அங்கே ஊடை இல்லை. விரலை விட்டேன், போனது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லக் கண்ணை மேலே தூக்கினேன். எதிரே நின்றவன் ஒருவனாக இல்லை, இரண்டு கணேசன். முகவாயைத் தூக்கினேன். இரண்டும் சேர்ந்து ஒன்றாயிற்று.

அதுதான் வழி. தலையைப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்கி, கண்ணைக் கீழே இறக்கிப் பார்த்தால் எதிரே நிற்கிறவர் ஒருவராகத் தெரிவார். டாக்டரம்மாவும் அப்படித்தான் பழகிக்கொள்ளச் சொன்னார். இப்போது அது தானாகவே வருகிறது. கழுத்து வலிக்கிறது. ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஏற்கெனவே எனக்குத் தலைக்கனம் என்று பெயர்.

போன வாரம் வன்னியம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்திக்கு முன்னால் என் மைத்துனன், பேச்சியம்மாளின் தம்பி, நாலு பேர் கேட்கும்படி ஆரம்பித்தான்.

"அத்தானுக்குக் கண்ணு நல்லாயிருச்சு, தலைதான் இன்னும் ஒரு சாண் மேல போயிருச்சு. ஐம்பது தறி நூறாயிருச்சோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஏலே, அது காசு இல்ல, தசை. உள்ள இழுத்துப் புடிச்சிருக்கு. தலைய எறக்குனா அவுகளுக்கு நீ ரெண்டு பேராத் தெரிவ. உன்ன ஒருத்தனையே அவுகளால தாங்க முடியல."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தலையை இறக்கவில்லை.